தலைக்கணக்கில் நடக்கும் பள்ளிகள்: மெக்டவல் கவுண்டியின் கதை

அமெரிக்காவில் வேலைக்குப் போன நம்மவர்கள் வீடு பார்க்கும்போது முதலில் விசாரிப்பது, "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?" என்பதைத்தான். இணையத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது வாங்கிய பள்ளி இருக்கும் பகுதியில் வீட்டு விலை எகிறும். இரண்டு, மூன்று வாங்கிய பகுதியின் பக்கம் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை. அப்படி ஒதுக்கப்படும் டிஸ்ட்ரிக்டுகள் எப்படி நடக்கின்றன, அவற்றை நடத்துவது யார், மதிப்பெண் ஏன் ஏறுவதில்லை என்று பார்க்க மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் மெக்டவல் கவுண்டி நல்ல உதாரணம். கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு.

அப்பலாச்சிய மலைகளுக்குள் இருக்கும் நிலக்கரிப் பூமி இது. தலைமையிடம் வெல்ச் நகரம். 1950 கணக்கெடுப்பில் இங்கே 98,887 பேர் இருந்தார்கள். 2020-இல் 19,111 பேர். சுரங்கத்துக்குள் இயந்திரம் வந்ததும் ஆள் தேவை குறைந்தது. 1980-களில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் தன் சுரங்கங்களை மூடியது. 2001-லும் 2002-லும் அடுத்தடுத்து வெள்ளம். 2016-இல் கிம்பலில் இருந்த வால்மார்ட்டும் போய்விட்டது. கவுண்டியில் பெரிய வேலை தரும் இடங்களை இன்று எண்ணினால் பள்ளிகள் முன்வரிசையில் நிற்கும்.

அமெரிக்காவில் பள்ளி நிர்வாகம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் ஒரு கவுண்டிக்குள்ளேயே பத்து, இருபது டிஸ்ட்ரிக்டுகள் இருக்கும். மேற்கு வர்ஜீனியாவில் 1933-லேயே துண்டு துண்டாக இருந்த 398 டிஸ்ட்ரிக்டுகளைக் கலைத்து, கவுண்டிக்கு ஒன்று என 55 ஆக்கிவிட்டார்கள். எனவே மெக்டவல் கவுண்டி முழுவதும் ஒரே டிஸ்ட்ரிக்ட். பிள்ளைகள் எண்ணிக்கை இப்போது 2,500-க்கும் கீழே. 2011 வாக்கில் இது 3,500-ஐ ஒட்டி இருந்தது.

டிஸ்ட்ரிக்டின் தலைமேல் ஐந்து பேர் கொண்ட பள்ளி வாரியம் இருக்கிறது. கவுண்டி மக்கள் வாக்களித்து நான்கு ஆண்டுப் பதவிக்காலத்துக்கு இவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுண்டியின் ஒரே உட்பகுதியிலிருந்து இரண்டு பேருக்கு மேல் வர முடியாது. இவர்கள் முழுநேர நிர்வாகிகள் அல்ல. கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டுத் தங்கள் பிழைப்பைப் பார்க்கப் போகிறவர்கள். அன்றாட நிர்வாகத்துக்கு ஒரு சூப்பரின்டென்டன்டை நியமிக்கிறார்கள். ஆசிரியரை எடுப்பது, பேருந்து எந்தச் சாலையில் போவது, எந்தப் பள்ளியை மூடுவது எல்லாம் அவர் பரிந்துரைத்து வாரியம் கையைத் தூக்கினால்தான் நடக்கும்.

கேட்க ஜனநாயகத்தின் உச்சம் போல இருக்கும். ஆனால் அந்த ஐந்து பேர் கையில் உண்மையில் இருக்கும் அதிகாரம் கொஞ்சம்தான். ஆசிரியரின் குறைந்தபட்சச் சம்பள அட்டவணையை மாநிலச் சட்டம் எழுதுகிறது. பாடத்திட்டத்தின் தரம், தேர்வு, 180 பள்ளி நாட்கள் எல்லாம் மாநிலம் வகுப்பவை. பள்ளி வரியின் விகிதமும் மாநிலச் சட்டமன்றம் சொல்வதுதான்.

வரி எவ்வளவு என்று ஒரு வீட்டை வைத்தே பார்த்துவிடலாம். வெல்ச்சில் சந்தை விலை 50,000 டாலர் பெறும் ஒரு வீடு. வரிக்காக அதில் 60 சதவீதத்தை, அதாவது 30,000 டாலரை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு வழக்கமான பள்ளி வரி 100 டாலருக்கு 38.8 சென்ட். ஆக, அந்த வீடு ஆண்டுக்கு 116 டாலர் 40 சென்ட் கட்டும். வீட்டுக்காரருக்கு 65 வயது ஆகிவிட்டால் முதல் 20,000 டாலருக்கு விலக்கு. மிச்சம் 10,000 டாலருக்கு 38 டாலர் 80 சென்ட் கட்டினால் போதும். இளையவர்கள் வெளியேறி முதியவர்கள் தங்கிவிட்ட கவுண்டியில் இந்த இரண்டாவது ரகம்தான் பெருகிக்கொண்டே போகிறது. நிலத்தின் பெரும்பகுதி வெளியூர் நிறுவனங்கள் கையில். நிலக்கரி இருப்புக்கும் சுரங்க இயந்திரத்துக்கும் வரும் வரியோ நிலக்கரிச் சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

இது போதாது என்றால் வாரியம் மக்களிடம் போய்க் கூடுதல் வரி கேட்கலாம். பாதிக்கு மேல் வாக்கு விழுந்தால் அதிகபட்சம் ஐந்தாண்டுக்கு வசூலிக்கலாம். பிறகு மறுபடியும் கேட்க வேண்டும். சொத்து மதிப்பு உயர்ந்த கவுண்டி இப்படிக் கூடுதல் வரி போட்டால் பெருந்தொகை சேரும். அதே விகிதத்தில் மெக்டவல் போட்டால் சில்லறைதான் தேறும்.

இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து லிங்கன் கவுண்டிப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1979-இல் மாநில உச்ச நீதிமன்றம், தரமான கல்வி என்பது மாநில அரசியல் சட்டம் பிள்ளைகளுக்குத் தந்த அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 1982-இல் அதே வழக்கில் நீதிபதி ஆர்தர் ரெக்ட், எந்தப் பள்ளியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நீண்ட பட்டியலே போட்டுத் தந்தார். கவுண்டிகளுக்கு இடையிலான பள்ளத்தை நிரப்பும் கடமை மாநிலத்தின் தலையில் அழுத்தமாக விழுந்தது. இன்று மெக்டவல் போன்ற கவுண்டிக்கு மாநில நிதிதான் உயிர்மூச்சு.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மாநிலம் தலையை எண்ணிப் பணம் தருகிறது. இலையுதிர் காலத்தில், பள்ளி தொடங்கிய இரண்டாவது மாதத்தில் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்து அடுத்த ஆண்டு நிதியைக் கணக்கிடுவார்கள். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 72 பேர் என்ற கணக்கில் ஆசிரியர், தலைமையாசிரியர், ஆலோசகர் பணியிடங்களுக்கு நிதி கிடைக்கும். மலைக்காட்டில் சிதறிக் கிடக்கும் கவுண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் உண்டு. ஆனால் ஆசிரியர் கணக்கில் அது ஆயிரத்துக்கு அரை ஆள்கூடத் தேறாது. நூறு பிள்ளைகள் குறைந்தால் ஏழு பணியிடங்களுக்கான நிதி போய்விடும்.

அந்த நூறு பேரும் ஒரே பள்ளியிலிருந்து, ஒரே வகுப்பிலிருந்து போனால் கணக்கு நேராகிவிடும். அப்படியா போவார்கள்? இங்கே மூன்று, அங்கே ஐந்து என்று எல்லாப் பள்ளியிலும் உதிர்கிறார்கள். 22 பேர் இருந்த மூன்றாம் வகுப்பில் இப்போது 14 பேர். ஆசிரியர் ஒருவர் வேண்டும்தானே? தலைமையாசிரியர், சமையல்காரர், குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடேற்றும் செலவு எதுவும் குறையவில்லை. பேருந்துச் செலவில் பெரும்பங்கை மாநிலம் தனியாகத் தந்துவிடுவதால் அந்த இடி மட்டும் கொஞ்சம் குறைவு. ஒன்றிய அரசு கொரோனா காலத்தில் கொடுத்த சிறப்பு நிதி சில ஆண்டுகள் ஓட்டையை அடைத்தது. 2024 செப்டம்பரோடு அதுவும் முடிந்தது.

ஆகவே ஒவ்வொரு வசந்த காலத்திலும் வாரியக் கூட்டத்தில் ஆட்குறைப்புப் பட்டியல் வரும். அடுத்த கல்வியாண்டில் யாருக்கு வேலையில்லை, யாருக்கு இடமாற்றம் என்பதைச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் தெரிவித்தாக வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவர்தான் பெரும்பாலும் முதலில் சிக்குவார். விளைவைப் பாருங்கள்: கோடையில் ஒருவர் ஓய்வு பெறுவார், இன்னொருவர் வர்ஜீனியாவில் கூடுதல் சம்பளத்துக்குப் போவார், ஆகஸ்டில் காலியிடம் இருக்கும். வசந்தத்தில் கடிதம் வாங்கிய இளம் கணித ஆசிரியரோ வேறு கவுண்டியில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். அந்த இடத்தில் ஆண்டு முழுக்கப் பதிலி ஆசிரியர்.

பள்ளிகளை இணைப்பது இன்னொரு வழி. 2010-இல் பிக் கிரீக், யேகர் ஆகிய இரண்டு உயர்நிலைப் பள்ளிகளை மூடி, பிராட்ஷாவில் ரிவர் வியூ என்ற ஒரே பள்ளியாக்கினார்கள். நாசாவில் பொறியாளராக இருந்த ஹோமர் ஹிக்கம் படித்தது பிக் கிரீக்கில்தான். அவர் எழுதிய நூல் 1999-இல் 'அக்டோபர் ஸ்கை' என்ற படமாக வந்தது. இணைத்தால் ஆய்வகம், கூடுதல் பாடங்கள் எல்லாம் கிடைக்கும், உண்மைதான். விலையைப் பிள்ளைகள் பேருந்தில் கட்டுகிறார்கள். தொடக்கப் பள்ளிக்கு ஒரு வழிப் பயணம் 30 நிமிடம், நடுநிலைக்கு 45, உயர்நிலைக்கு 60 என்று மாநிலம் வரம்பு சொல்கிறது. மலையிடுக்கில் பனி விழுந்த காலை நேரத்தில் அந்த வரம்பு காகிதத்தோடு நின்றுவிடும்.

வாரியம் சரியாக நடத்தவில்லை என்றால் மாநிலம் பிடுங்கிக்கொள்ளும். மெக்டவலில் 2001-இல் அதுவே நடந்தது. மதிப்பெண் மோசம், கட்டடங்கள் மோசம், ஆள் நியமனத்தில் குளறுபடி என்று சொல்லி மாநிலக் கல்வி வாரியம் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் பெயருக்கு உட்கார்ந்திருந்தார்கள். 2013-இல்தான் அதிகாரம் திரும்பி வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! இடைப்பட்ட காலத்தில் கட்டடங்கள் மேம்பட்டன, கணக்குவழக்கு சீரானது. மதிப்பெண் பட்டியலில் மட்டும் கவுண்டி அடிவரிசையிலேயே இருந்தது. என் பார்வையில், மெக்டவலின் சிக்கல் வாரியத்தின் திறமையின்மை மட்டும் அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நடத்தியவர்கள் மாறினார்கள், பிள்ளைகள் எழுந்து வரும் வீடு மாறவில்லை.

2011-இல் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு 'ரீகனெக்டிங் மெக்டவல்' என்ற திட்டத்தோடு வந்தபோது இதைத்தான் முதலில் பார்த்தது. அப்போது பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பெற்ற தாய் தந்தையுடன் வாழவில்லை என்று திட்டக்காரர்களே சொன்னார்கள். வலிமாத்திரைப் போதை குடும்பங்களைச் சிதைத்திருந்தது. தாத்தா பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். எனவே பாடப் புத்தகத்தோடு நிற்காமல் பள்ளியிலேயே மருத்துவம், பல் சிகிச்சை, மனநல ஆலோசனை என்று கொண்டுவந்தார்கள். குடியிருக்க நல்ல வாடகை வீடு இல்லாததால் ஆசிரியர்கள் பக்கத்துக் கவுண்டியிலிருந்து மலைச்சாலையில் தினமும் வண்டியோட்டி வந்து, ஓரிரு ஆண்டில் சலித்துப்போய் விலகினார்கள். அதற்காக வெல்ச் நகரின் நடுவில் அடுக்குமாடிக் குடியிருப்பே கட்டினார்கள். ஒரு தொழிற்சங்கம் வீடு கட்டிக் கொடுத்து ஆசிரியரைப் பிடிக்க வேண்டியிருந்தது என்றால் ஊரின் நிலைமையை நீங்களே ஊகிக்கலாம்.

பலன் என்ன? உயர்நிலைப் பள்ளியை முடித்துச் செல்வோர் விகிதம் கண்கூடாக ஏறியது. தேர்வு மதிப்பெண் அந்த வேகத்தில் ஏறவில்லை. மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் மாநிலத் தேர்வு. பதினொன்றாம் வகுப்புக்கு எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு. கணிதத்தில் மாநில அளவிலேயே பாதிப் பேர்கூடத் தேர்ச்சி நிலையை எட்டுவதில்லை. மெக்டவல் அதற்கும் கீழே. வராமையும் கூடுதல். 180 நாட்களில் 18 நாள் வராவிட்டால் 'நாள்பட்ட வராமை' என்று பதிவாகும். ஓடை பெருகி வீட்டுக்கு வரும் சிறு பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டால் ஒரே வாரத்தில் ஐந்து நாள் காலி. 2025 பிப்ரவரி வெள்ளத்தில் இந்தக் கவுண்டி மறுபடி அடிவாங்கியது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை உணவும் மதிய உணவும் இலவசம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரி 22 அன்று மாநிலத்தின் 55 கவுண்டிகளிலும் ஆசிரியர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, பள்ளி மூடினால் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்களே என்று முன்கூட்டியே உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். ஒன்பது பள்ளி நாட்கள் நீடித்த அந்தப் போராட்டம் 5 சதவீத உயர்வோடு முடிந்தது.

இனி வரப்போவது தலைக்கணக்கின் அடுத்த சுற்று. தனியார் பள்ளிக்கோ வீட்டுக் கல்விக்கோ போகும் பிள்ளைக்கு மாநிலமே பணம் தரும் 'ஹோப்' உதவித்தொகைக்கு 2021-இல் சட்டம் வந்தது. 2026-27 கல்வியாண்டு முதல் எல்லாப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். மெக்டவலில் போய்ச் சேரத் தனியார் பள்ளிகளே அரிது என்றாலும் வீட்டுக் கல்வி எங்கேயும் சாத்தியம்.

அடுத்தமுறை ஒரு டிஸ்ட்ரிக்டுக்குப் பத்துக்கு இரண்டு என்று கண்ணில் பட்டால், உடனே அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். பத்தாண்டு மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் காலியிடம், வராமை விகிதம், பள்ளி முடிப்போர் விகிதம் ஆகிய நான்கையும் பாருங்கள். மாநிலக் கல்வித் துறை இவற்றில் பலவற்றைப் பொதுவில் வைத்திருக்கிறது. வாரியக் கூட்டங்களும் யாரும் போய் உட்காரலாம் என்று திறந்தே நடக்கின்றன.