டிக்கெட்டில் ஆறரை மணி, வானத்தில் நாலு மணி

ஆவடி, அம்பத்தூர் பக்கமிருந்து முதல்முறை சிங்கப்பூர் கிளம்புகிறவர்களின் வீட்டில் டிக்கெட்டைப் பார்த்ததும் ஒரு குழப்பம் வரும். இரவு பத்து மணிக்கு மீனம்பாக்கத்தில் ஏறினால் விடிகாலை நாலரைக்கு இறங்கலாம் என்று போட்டிருக்கும். திரும்பும்போதோ பத்து மணிக்குக் கிளம்பி பதினொன்றரைக்கே சென்னை!

டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழித்து, வரும்போது கூட்டிக்கொண்டால் இரு வழியிலும் சுமார் நாலு மணி நேரம்தான். நேர்க்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் வங்கக் கடலைத் தாண்ட மூன்றரை மணி போதும். ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் மீதி. காற்று எதிர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இந்த இரண்டரை மணியில் சூரியனின் பங்கு ஒன்றரை மணிதான். மிச்சம் மனிதர்கள் வகுத்தது. 1982 ஜனவரி 1 அன்று மலேசியா, கடலுக்கு இரு பக்கமும் உள்ள தன் மாநிலங்களுக்கு ஒரே நேரம் வேண்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அதுவரை வித்தியாசம் இரண்டு மணி நேரமே. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம், பினாங்கு வழியாகப் போன தலைமுறைக்கு அரை மணி ஒரு பொருட்டாக இருந்திருக்காது. அவர்களுக்குப் பயணமே ஏறக்குறைய ஒரு வாரம்.

வானத்தில் தூரம் சுருங்கிவிட்டது. தரையில் சுருங்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்கிறார்கள். ஆவடிக்காரர் அதற்கும் முன்னால், பூந்தமல்லி, குன்றத்தூர், பல்லாவரம் வழியா, அம்பத்தூரில் பைபாஸ் ஏறி தாம்பரம் சுற்றி வருவதா என்று யோசித்தாக வேண்டும். மழை நாளென்றால் அந்த யோசனை மதியமே தொடங்கிவிடும். மின்சார ரயிலில் போனால் சென்ட்ரல் வரை கிழக்கே போய், மெட்ரோவுக்கு மாறி, மறுபடி தென்மேற்கே திரும்ப வேண்டும். பெட்டி படுக்கையோடு, வழியனுப்ப வரும் பெரியவர்களோடு இது லேசான காரியமில்லை. சிங்கப்பூரில் இறங்குவதற்குள் வானத்தில் கழிந்த நேரத்தைவிடத் தரையில் கழிந்தது அதிகமாகிவிடுகிறது.

பூந்தமல்லிக்காரர்களுக்கு விடிவு தெரிகிறது. கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி மெட்ரோவும் மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோவும் முழுதாக ஓடத் தொடங்கினால், வளசரவாக்கம் பக்கம் ஒருமுறை, ஆலந்தூரில் ஒருமுறை மாறி விமான நிலையம் போய்விடலாம். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் கோயம்பேடு–பட்டாபிராம் மெட்ரோதான் வழி. அது வந்தால் சென்ட்ரல் வரை போகவே வேண்டாம். கோயம்பேட்டிலும் ஆலந்தூரிலும் மாறினால் போதும். இந்தப் பகுதி மக்கள் தங்கள் எம்.எல்.ஏ.க்களிடம் விடாமல் கேட்க வேண்டியது இந்தப் பாதையைத்தான்.