முத்துலட்சுமி பணம்

ஊரும் ஏடும் – தொடர் 14

ஆரணியில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெரு. மூன்று ஒன்பதாம் வகுப்பு மாணவிகளோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட ஒரு தலைவரைப் பற்றிப் பள்ளியில் புராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். மூவரும் சேர்ந்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அவங்களைப் பத்தி உங்க வீட்டுல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். உள்ளே தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்த ஒரு மாணவியின் அம்மா, நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "தெரியாம என்னங்க, இவ தம்பி பொறந்தப்போ முத்துலட்சுமி பணம் வாங்கினோமே!"

கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு 18,000 ரூபாய் மதிப்பில் தரும் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான். பெயர் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆள் இன்னும் போய்ச் சேரவில்லை.

மாணவிகள் ஏற்கெனவே ஒரு சார்ட் தயாரித்து வைத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்தது, பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்தது, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டது என்று எல்லாம் கலந்த சார்ட். அதில் நான்கு சங்கதிகள் இருந்தன. இந்தியாவின் முதல் பெண் மருத்துவர். தேர்தலில் வென்று சட்டமன்றம் போன முதல் பெண். 1930-ல் தேவதாசி முறையை ஒழித்தவர். கீழே வண்ண எழுத்தில், அவர் சொன்னதாக ஒரு பொன்மொழி.

முதல் வரியிலேயே நின்றோம். முத்துலட்சுமி பிறந்தது 1886 ஜூலை 30, புதுக்கோட்டையில். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றார். இதை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். பக்கத்திலேயே இன்னொரு பெயரையும் எழுதச் சொன்னேன்: ஆனந்திபாய் ஜோஷி. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அவர் மருத்துவப் பட்டம் வாங்கியது 1886 மார்ச்சில். அதே ஆண்டு கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும் மருத்துவரானார். ஒரு மாணவி இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேடம், இவங்க பொறக்கறதுக்கு முன்னாடியே அவங்க டாக்டராயிட்டாங்களே!" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தது அது. ஆராய்ச்சியின் முதல் ருசி அந்தத் திண்ணையில்தான் அவளுக்குக் கிடைத்தது.

இரண்டாவது வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. அரசால் நியமிக்கப்பட்டு சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போனவர். 1927-ல் அந்த அவை அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. "அப்போ பெருமை கொறைஞ்சு போயிடுமா மேடம்?" என்று கேட்டாள் ஒருத்தி. குறையாது. ஏன் நியமனம் என்று கேட்டுப் பார்த்தால்தான் வாக்குரிமைக் கதையே நமக்குத் திறக்கிறது.

அந்தக் கதை சென்னை அடையாறில் தொடங்குகிறது. 1917-ல் அங்கே இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்துக்காரர், வாக்குரிமைப் போராட்டத்துக்காக லண்டன் ஹாலோவே சிறையில் இருந்துவிட்டு வந்தவர். அந்த ஆண்டு டிசம்பர் 18-ல், சென்னைக்கு வந்த இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகுவை சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சந்தித்து, ஆண்களுக்குத் தரும் வாக்கைப் பெண்களுக்கும் தர வேண்டும் என்று கேட்டது. மாண்டேகு தன் நாட்குறிப்பில் அந்தச் சந்திப்பை எழுதி வைத்திருக்கிறார். 1919-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் நேரடியாக எதையும் தரவில்லை; அந்தந்த மாகாண அவையே முடிவு செய்துகொள்ளட்டும் என்று தள்ளிவிட்டது. மாகாணங்களில் முதலில் கதவு திறந்தது சென்னை, 1921-ல். ஆனால் ஓட்டுப் போடலாம், அவையில் உட்கார முடியாது. அந்தத் தடை 1926-ல்தான் விலகியது. விலகிய கையோடு கமலாதேவி சட்டோபாத்யாய், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மங்களூரில் போட்டியிட்டுக் குறைந்த வாக்குகளில் தோற்றார். அதன் பிறகு நியமனத்தின் வழியாக அவைக்குள் நுழைந்தவர்தான் முத்துலட்சுமி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மேரி புன்னன் லூக்கோஸ் அவருக்கு முன்பே நியமன உறுப்பினராகியிருந்தார். அதனால் 'பிரிட்டிஷ் இந்தியாவில்' என்ற சொல்லைச் சேர்த்துத்தான் 'முதல்' என்று எழுத வேண்டும்.

ஒரு ஆளைத் தூக்கி உச்சியில் வைப்பதற்காக, அவரோடு நடந்து வந்த அத்தனை பேரையும் நாம் அழித்துவிடுகிறோம். சார்ட்டில் இருந்த பொய்யைவிட எனக்கு அதுதான் வலித்தது.

இன்னொன்றும் சொன்னேன். 1921-ல் கிடைத்த ஓட்டு சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான். மாஸ்டர் வீவரிடம் பாவும் ஊடையும் வாங்கி வந்து கூலிக்கு நெய்த வீட்டுப் பெண்ணுக்கு அதில் இடமில்லை. 1933-ல் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் இந்தியப் பெண்கள் அமைப்புகளின் சார்பில் மூன்று பேர் சாட்சியம் சொன்னார்கள்: ராஜகுமாரி அம்ரித் கவுர், பேகம் ஷரீஃபா ஹமீத் அலி, முத்துலட்சுமி ரெட்டி. அந்த அமைப்புகள் கேட்டது வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. 1935-ம் ஆண்டுச் சட்டம் தந்ததோ, சொத்துள்ளவரின் மனைவி, எழுத்தறிந்தவர் என்ற வேலிகளோடு கொஞ்சம் அகலமான வாசல். வாக்குரிமை பற்றிய புராஜெக்ட்டில் முதலில் வரவேண்டிய செய்தி இது. சார்ட்டில் இது இல்லவே இல்லை.

தேவதாசி விஷயத்தைச் சுருக்கமாகவே பார்த்தோம். 1930-ல் அவர் கொண்டுவந்தது மசோதா. சட்டம் நிறைவேறியது 1947-ல். காந்தியின் கைதைக் கண்டித்து அவர் 1930-லேயே பதவியை விட்டு விலகிவிட்டார். இடையில் உள்ள பதினேழு ஆண்டுகளை ஒரே வரியில் விழுங்கக் கூடாது.

மிச்சம் இருந்தது பொன்மொழி. "எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். செயலியிடமே கேட்டார்கள். அது ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னது. பக்கம் கேட்டபோது மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு பொன்மொழியைத் தந்தது.

அந்த நேரத்தில் அந்த வீட்டு ஆயா செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். யாரோ ஒரு பழைய புடவையைக் கொண்டுவந்து, நல்ல ஜரிகைதானா பார்த்துச் சொல்லுங்கள் என்று கொடுத்தார்கள். ஆயா முந்தானை ஓரத்தில் இருந்து ஒரு இழையை உருவி, நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. அந்த நூல்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசினால்தான் அசல் ஜரிகை. "நல்லதுதான்" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். மினுமினுப்பை அவர் பார்க்கவே இல்லை. மூன்று பெண்களும் ஆயா செய்ததைப் பார்த்தார்கள். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து எங்கே தேடுவது என்று பேசினோம். முத்துலட்சுமி தன் சட்டமன்ற அனுபவத்தை 1930-லேயே ஆங்கிலத்தில் நூலாக எழுதிவிட்டார். முழுச் சுயசரிதை வந்தது 1964-ல். 1927-ல் நடந்த ஒன்றை இரண்டு நூல்களும் சொன்னால், முதலில் 1930 நூலைப் பாருங்கள் என்றேன்; ஞாபகம் ஆறுவதற்குள் எழுதியது அது. அவரே எழுதினார் என்பதற்காக அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவையில் யார் என்ன பேசினார்கள் என்பது சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சாகியிருக்கிறது. எதிர்த்துப் பேசியவர்களின் வாதமும் அங்கேதான் கிடைக்கும். இந்திய மாதர் சங்கத்தின் 'ஸ்திரீ தர்மா' இதழும் இருக்கிறது. அவருடைய கடிதங்களும் தாள்களும் தில்லி தீன்மூர்த்தி பவன் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

ஆரணியில் இருந்து சென்னைக்கு பஸ்ஸில் போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அதற்காக அலைக்கழிக்க வேண்டாம். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்நூலகத்தைக் கைபேசியிலேயே திறக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பழைய நூல்களின் ஸ்கேன்கள் கிடைக்கும். ஆங்கிலத்தில் தேடும்போது 'ரெட்டி'யின் கடைசி எழுத்தை ஐ என்றும் ஒய் என்றும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் வராதது மற்றதில் வரும். விக்கிபீடியாவை ஒதுக்க வேண்டியதில்லை. கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போவதற்கு அது நல்ல வழி.

பிறகு அவர்களாகவே ஒன்று செய்தார்கள். ஆயாவிடம், "நீ மொத மொத எப்போ ஓட்டுப் போட்ட?" என்று கேட்டு, அவர் பேச்சை அவர் சொன்னபடியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். தேதியையும் கேட்ட இடத்தையும் மேலே குறித்தார்கள். 1951–52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் சொல்லித் தன் பெயரைச் சொல்லாததால் நாடு முழுக்க ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறாமல் போனது, பெரும்பாலும் வட மாநிலங்களில். இதைச் சொன்னதும், நோட்டை வைத்திருந்த பெண் ஆயாவின் முழுப் பெயரைப் பக்கத்தின் உச்சியில் பெரிதாக எழுதினாள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்ட்டுக்கு மதிப்பெண் போடும்போது படத்துக்கும் ஸ்கெட்ச் பேனா வேலைக்கும் கொடுப்பதில் பாதியையாவது, 'இது உனக்கு எங்கே கிடைத்தது?' என்ற கேள்விக்கான பதிலுக்குக் கொடுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டுப் பரணில் 'ஸ்திரீ தர்மா' போன்ற பழைய இதழ்களோ, அந்தக் காலத்துத் தேர்தல் நோட்டீஸ்களோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

(தொடரும்)