திருமறையில் ‘திங்கள்’: ஒரு சொல்லாய்வு

தமிழில் ‘திங்கள்’ என்னும் சொல் நிலவையும், மாதத்தையும், வாரத்தின் ஒரு நாளையும் குறிக்கும். எபிரேயத்திலும் நிலவைப் பற்றிய சொற்கள் காலக்கணக்கோடு பிணைந்தவையே. அவற்றைப் பகுத்தறியாது அருளுரை ஆற்றுவோர் சில பகுதிகளின் பொருளைத் தவறவிட நேரிடும்.

‘யாரேயாக்’ என்பது சந்திரனுக்குரிய பொதுச்சொல். வெண்மையைக் குறிக்கும் வேரினின்று பிறந்த ‘லெபானா’ மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது (உன். 6:10, ஏசா. 24:23, 30:26). ஆதியாகமம் 1:16 இவற்றுள் எதனையும் வழங்காது, ‘சிறிய சுடர்’ என்றே கூறுகிறது. ஊர், ஆரான் ஆகிய நகரங்களில் சந்திரன் தெய்வமாக வணங்கப்பட்டதை நினைவிற்கொண்டால், இம்மௌனத்தின் நோக்கம் விளங்கும். சந்திரன் வழிபாட்டுக்குரிய தெய்வமன்று, படைப்புப் பொருளே.

‘கோதேஷ்’ என்பது புதுமையைக் குறிக்கும் வேரையுடையது. புதுப்பிறையையும் மாதத்தையும் குறிக்கும். நமது பழைய மொழிபெயர்ப்பு இதனை 1 சாமுவேல் 20-இல் ‘அமாவாசி’ என்றும், ஏசாயா 1:13-இல் ‘மாதப்பிறப்பு’ என்றும் வழங்குகிறது. இரண்டும் முற்றிலும் பொருந்துவன அல்ல. அமாவாசை நிலவு மறைந்த நாள். நம் நாட்டில் முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்தும் நாள். தமிழ் மாதமோ சூரியனைக்கொண்டு கணிக்கப்படுவது. யூத மரபில், புதுப்பிறையைக் கண்ட சாட்சிகளின் சொற்கேட்டே மாதத் தொடக்கம் அறிவிக்கப்பட்டதென மிஷ்னா கூறுகிறது. நம் வழக்கில் இதற்கு அண்மையது மூன்றாம் பிறையே. சங்கீதம் 81:3-இல் ‘நியமித்தகாலம்’ எனப் பெயர்க்கப்பட்ட ‘கேசே’ என்னும் சொல் நிறைநிலவைக் குறிப்பதாக இன்று கொள்ளப்படுகிறது.

புதிய ஏற்பாட்டில் நாம் மிகவும் கருத்தூன்ற வேண்டிய சொல் ‘சந்திரரோகம்’ (மத். 4:24, 17:15). இதன் கிரேக்க மூலம் ‘செலேனே’, அதாவது சந்திரன் என்னும் சொல்லினின்று பிறந்தது. வலிப்பு நோய் நிலவின் ஆற்றலால் வருவதென்று பண்டையோர் கருதினர். அக்கருத்தே சொல்லில் தங்கிவிட்டது. மத்தேயு 17:18-இல் பிசாசு துரத்தப்படுவது உண்மையே. எனினும் 4:24-இல் அதே ஆசிரியர் பிசாசு பிடித்தோரையும் சந்திரரோகிகளையும் வேறு பிரித்தே எண்ணுகிறார். ஆகவே வலிப்புற்றோர் அனைவரும் பிசாசு பிடித்தோர் என்னும் முடிவுக்கு இப்பகுதி இடந்தருவதில்லை.

வலிப்பு மூளையைச் சார்ந்த நோய் என்பதும், பெரும்பாலோர்க்கு மருந்தினால் கட்டுப்படும் என்பதும் இன்று தெளிவு. இப்பகுதியை விளக்கும் போதகர் இதனையும் சேர்த்துச் சொல்லுவாராக. ஒரு சொல்லைச் சரியாக விளக்குவதால், சபையிலுள்ள ஒரு பிள்ளையின் மருந்து நிறுத்தப்படாமலும், ஒரு குடும்பம் வெட்கத்துக்குள்ளாகாமலும் காக்கப்படலாம்.