மீனின் ஈரலும் வீட்டு உப்பும்

ஆனையிறவு என்றதும் உப்பளமே நம் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் அவ்விடத்தில் உப்புப் பாத்திகளுக்கு அப்பால் கடனீரேரி பரந்து கிடக்கிறது. அங்கே திரளியும் மணலையும் துள்ளித் திரிகின்றன. அம்மீன்களின் ஈரலுக்கும் நம் வீட்டு உப்புக்கும் தொடர்பு உண்டென்றால் நம்புவீர்களா? அத்தொடர்பின் பெயர் அயடீன்.

நம் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, தைரொயிட்டுச் சுரப்பி அமைந்துள்ளது. பெரும்பாலான என்புமீன்களில் அது ஒரே உறுப்பாக இராமல், தொண்டைப் பகுதியில் சிறுசிறு பைகளாகச் சிதறிக் கிடக்கிறது. வடிவம் வேறாயினும் தொழில் ஒன்றே. அயடீனைச் சேர்த்துத் தைரொட்சின் என்னும் ஓமோனை ஆக்குவதே அத்தொழில். 1914ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எட்வேட் கெண்டல் இதனைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார்.

தைரொட்சின் மூலக்கூற்றில் நான்கு அயடீன் அணுக்கள் உள. ஆயின், அது பெரும்பாலும் உறையிலிட்ட வாளே. ஓரணு நீங்கி மூன்றணு எஞ்சும்போதே அதன் வலிமை வெளிப்படும். இம்மூன்றணு ஓமோனை 1952இல் குரொஸ் என்பாரும் பிற்-றிவேர்ஸ் அம்மையாரும் இலண்டனிற் கண்டறிந்தனர்.

அவ்வணுவை நீக்கும் பணியில் மீனின் ஈரல் முன்னிற்கிறது. கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்து விலங்கியலறிஞர் ஈல்ஸ், திரௌற்று மீன்களில் இதனைப் பல்லாண்டு ஆராய்ந்தார். ஈரலின் நொதியம் மூலக்கூற்றின் வெளிவளையத்து அணுவை அகற்றினால் ஓமோன் விழித்தெழுகிறது. உள்வளையத்து அணுவை அகற்றினால் உறங்கிவிடுகிறது. மீன் பட்டினி கிடக்குங்கால் ஈரல் விழிப்பூட்டும் பணியைக் குறைத்துக்கொள்கிறது. வரவு குறைந்தபோது செலவைச் சுருக்கும் நல்ல இல்லத்தரசியின் செயல் இஃதன்றோ!

இவ்வோமோனின் ஆற்றலைத் தட்டைமீனிற் காணலாம். அதன் குஞ்சுக்கு முதலில் இருபுறமும் கண்கள் உள. பின்னர் ஒரு கண் தலையைக் கடந்து மறுபுறம் சேர்கிறது. அவ்வுருமாற்றத்தை நடத்துவது தைரொயிட்டு ஓமோனே.

மனிதருக்கோ இது மூளையின் கதை. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர இவ்வோமோன் இன்றியமையாதது. தாயின் உணவில் அயடீன் மிகக் குறைந்தால், பிள்ளையின் அறிவு வளர்ச்சி குன்றும். பெரியவர்களுக்குக் கண்டக்கழலை தோன்றும். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் இந்நோய் நெடுங்காலம் மிகுந்திருந்தது.

மீன் தன் பூக்களாலேயே நீரிலிருந்து அயடீனைப் பெற்றுக்கொள்ளும். நமக்கு அவ்வசதி இல்லை, உணவே வழி. கடலுப்பில் அயடீன் இயல்பாகவே நிறைந்திருக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. வெயிலில் விளைந்த உப்பில் எஞ்சுவது மிகச் சொற்பமே. ஆதலாற்றான் உணவுப்பில் அயடீன் சேர்க்கவேண்டுமென இலங்கையில் 1995இல் விதிக்கப்பட்டது.

பாத்தியிலிருந்து அள்ளிய உப்பு வெண்மையாயிருக்கலாம். அதனால் மட்டும் அது போதுமானதாகாது. அயடீன் சேர்த்த உப்பையே வாங்குங்கள். அதை ஈரமும் வெப்பமும் அணுகாமல் மூடி வையுங்கள். கறிச்சட்டியை இறக்குந் தறுவாயில் உப்பிடுங்கள். பிறக்கவிருக்கும் பிள்ளைக்கு நாம் முன்கூட்டியே தேடிவைக்கும் செல்வம் அது.