அன்பின் வேடம்

ஆள் கடத்தல் என்றவுடன் கோணிப்பையும் முகமூடியும் நம் நினைவிற்கு வருகின்றன. உண்மை வேறு. ஏமாற்றியோ, அச்சுறுத்தியோ, ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டுவதற்காக அழைத்துச் செல்வதே கடத்தல்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையே சொல்கிறேன். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகள் சிலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் ஏழைப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். மூன்றாண்டு உழைத்தால் திருமணத்திற்கு மொத்தத் தொகை என்பது வாக்குறுதி. அழைத்துச் சென்ற தரகர் பல வேளை ஊரறிந்தவரே. விடுதிக்குள் சென்றபின் வெளியே செல்லத் தடை. வீட்டாரோடு பேசக் கட்டுப்பாடு. இடையில் விலகினால் தொகை இல்லை.

காதலின் பெயரால் நிகழும் கொடுமையும் இவ்வழியே செல்கிறது. முதலில் பரிசும் புகழ்ச்சியும், பின்பு, “தோழியரோடு பேசாதே, கைப்பேசியைக் காட்டு” என்னும் கட்டளை, அதன்பின் அச்சுறுத்தல். ஆகவே, நான் மாணவர்க்குச் சொல்லும் உரைகல் ஒன்றே: ஒருவர் நம்மை நம் உற்றாரிடமிருந்து பிரிக்கிறாரா? பிரித்தால் அஃது அன்பன்று.

“நானே இசைந்துதானே சென்றேன்!” என நாணி வாய் மூடுவோர் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 143ஆம் பிரிவு, கடத்தப்பட்டவரின் இசைவு பொருட்டன்று என்கிறது. சிறுவரைக் கடத்தியவர்க்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை.

1098 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். துன்புற்ற தோழி உங்களிடம் வந்தால், “ஏன் போனாய்?” என்று கேளாதீர்கள். “யாரிடம் சொல்லலாம், வா!” என்று கைப்பற்றி உடன் செல்லுங்கள்.