சாவியைக் கொடுங்க சார்!

புதுக் கார் டெலிவரி எடுக்கிற நாளில் ஷோரூமில் நடக்கும் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆளுயர அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்து, குடும்பத்தோடு நிற்க வைத்து போட்டோ எடுப்பார்கள். மாலை, எலுமிச்சம்பழம், கேக், கைதட்டல்... சில இடங்களில் மணிகூட அடிக்கிறார்கள்.

அதே சாவியைத் திரும்ப வாங்க வருகிறவர்கள் மட்டும் போட்டோகிராபரை அழைத்து வருவதில்லை. டீக்கடை வாசலிலோ, டோல்கேட் ஓரத்திலோ நாலு பேர் வந்து நிற்பார்கள். ‘‘டியூ பெண்டிங் சார். சாவியைக் கொடுங்க.’’ அவ்வளவுதான் விழா!

இதற்கு ஊரில் வழங்கும் பெயர் ‘சீஸிங்’. பேச்சு வழக்கில் ‘வண்டியைத் தூக்கிட்டாங்க.’

எங்கள் தெரு டிரைவர் அண்ணனுக்கு நடந்தது இதுதான். பெயர் வேண்டாம், அவரே கேட்டுக்கொண்டார். சொந்தமாக ஒரு கார் வைத்து கால் டாக்ஸி ஓட்டுகிறார். மாதத் தவணை 14,350 ரூபாய். நடுவில் மஞ்சள் காமாலை வந்து படுத்ததில் மூன்று டியூ நின்றுபோனது. எழுந்து வண்டியை எடுத்த நாலாவது நாள், ஏர்போர்ட்டில் ஒரு பார்ட்டியை இறக்கிவிட்டுக் குரோம்பேட்டையில் டீ சாப்பிட நிறுத்தியிருக்கிறார். இரண்டு பைக்கில் நாலு பேர். ஒருவர் கதவைத் திறந்தார், இன்னொருவர் சாவியை உருவினார். டேஷ்போர்டில் இருந்த 2,300 ரூபாயை எடுத்துக்கொள்வதற்குள் கார் பல்லாவரம் தாண்டிவிட்டது. இவர் கையில் மீதி இருந்தது பாதி கிளாஸ் டீ!

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தார். தெருவில் யாருக்காவது பேங்க், வட்டி, வரி என்று தலைவலி வந்தால் என்னிடம்தான் வருவார்கள். நான் பி.காம். படித்த விஷயம் அப்படிப் பரவியிருக்கிறது.

‘‘தம்பி, என் வண்டியை அவங்க எப்படித் தூக்கலாம்? ஆர்.சி. என் பேர்லதானே இருக்கு?’’

நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் சிக்கல். கார் கடனில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ‘ஹெச்.பி.’ எனப்படும் ஹையர் பர்ச்சேஸ். இதில் கடைசித் தவணை கட்டும்வரை சட்டப்படி வண்டி ஃபைனான்ஸ்காரருடையது. நீங்கள் வாடகைக்கு வைத்து ஓட்டுகிறவர், அவ்வளவே. இன்னொன்று ஹைபாதிகேஷன். இதில் வண்டி உங்களுடையது. கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இப்போது பேங்குகள் கொடுக்கிற கார் கடன் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இரண்டுக்குமே ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஏறியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 51-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

‘‘அக்ரிமெண்ட்டைக் கொண்டு வாங்கண்ணே’’ என்றேன். கொண்டு வந்தார். 47 பக்கம்! பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.

‘‘படிச்சுப் பார்த்தீங்களா?’’

‘‘எங்கே தம்பி... அந்தப் பையன் பக்கத்தைத் திருப்பிக்கிட்டே இருந்தான், நான் போட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில கை வலி வந்துடுச்சு.’’

முழுக்க இங்கிலீஷ். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில்தான் கடிதப் போக்குவரத்து இருக்கவேண்டும் என்று ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி விதியே வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தின் நகலையும் கையில் கொடுத்தாக வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கப்படும் கடன்களுக்கு, வட்டி எவ்வளவு, என்னென்ன கட்டணம் என்று எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லும் ஒரு விவரத்தாளைப் புரிகிற மொழியில் தரவேண்டும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை, வாங்கியவரின் சம்மதம் இல்லாமல் பின்னால் சேர்க்க முடியாது. புதிதாகக் கார் வாங்கப் போகிறவர்கள் கேக் வெட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் கடன் வாங்கியது அதற்கு முன்பு.

சரி, தூக்கலாமா கூடாதா? கோர்ட்டுகள் இரண்டு பக்கமும் பேசியிருக்கின்றன. நமக்குப் பிடித்ததை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

ஒப்பந்தத்தில் ‘தவணை தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், எடுப்பது தப்பில்லை என்று சுப்ரீம் கோர்ட் பலமுறை சொல்லியாயிற்று. 2020 அக்டோபரில் வந்த ஒரு தீர்ப்பைப் பாருங்கள். ஹையர் பர்ச்சேஸில் வண்டி வாங்கியவர் 35 தவணையில் ஏழு மட்டும் கட்டியிருந்தார். கம்பெனி வண்டியை எடுத்துவிட்டது. கீழே நுகர்வோர் மன்றங்களில் ஜெயித்தவர், மேலே போய்த் தோற்றார். எடுத்தது சரி என்றது கோர்ட். ஆனாலும் முறையான நோட்டீஸ் தரவில்லை என்பதற்காக 15,000 ரூபாய் தரச் சொன்னது. முன்கூட்டி நோட்டீஸ் தரவேண்டுமா வேண்டாமா என்பது அந்த ஒப்பந்தத்தின் ஷரத்தைப் பொறுத்தது என்பதும் அதில் இருக்கிறது. ஆகவே அந்த 47 பக்கத்தில் எங்கேயோ ஒரு மூலையில் உங்கள் ஜாதகம் இருக்கிறது!

இனி அடுத்த பக்கம். 2007-லேயே சுப்ரீம் கோர்ட், கடன் வசூலுக்கு அடியாட்களை அனுப்பும் பேங்குகளை வறுத்தெடுத்துவிட்டது. 2011 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு: ஹையர் பர்ச்சேஸாகவே இருந்தாலும் சட்டப்படிதான் எடுக்கவேண்டும், பலாத்காரம் கூடாது. 2023 மே மாதம் பாட்னா ஹைகோர்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆட்களை விட்டு வண்டிகளைப் பிடுங்குவது, வாழ்வுரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்கே விரோதம் என்று சொல்லி, சம்பந்தப்பட்ட நிறுவனங்களுக்குத் தலா 50,000 ரூபாய் அபராதம் போட்டது.

இதெல்லாம் சும்மா ஏட்டுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். 2022 செப்டம்பரில் ஜார்கண்டின் ஹஜாரிபாக் பக்கம் டிராக்டர் ஒன்றை எடுக்க ஆட்கள் போனார்கள். அந்த வீட்டு கர்ப்பிணிப் பெண் டிராக்டரில் அடிபட்டுச் செத்துப்போனாள். வெளி ஆட்களை வைத்து வசூலும் செய்யக்கூடாது, வண்டியும் எடுக்கக்கூடாது என்று அந்த நிதி நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி உடனே தடை போட்டது. சில மாதங்கள் கழித்துத்தான் தடை விலகியது.

ரிசர்வ் வங்கி 2008-ல் பேங்குகளுக்கும், அடுத்த வருஷம் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் சொன்னது ரொம்பத் தெளிவு. வண்டியை எடுக்கும் ஷரத்து இருந்தால் மட்டும் போதாது. எத்தனை நாள் முன்பு நோட்டீஸ், எந்தச் சந்தர்ப்பத்தில் நோட்டீஸ் தேவையில்லை, எப்படி எடுப்பது, ஏலம் விடுமுன் கடனாளிக்குக் கடைசி வாய்ப்பு, பணம் கட்டினால் எப்படித் திருப்பித் தருவது, ஏலம் எப்படி... இத்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். வருகிற ஏஜெண்ட்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி வேண்டும். அடையாள அட்டை வேண்டும். கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதமும் கையில் இருக்கவேண்டும். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் மறுபடி அழுத்திச் சொன்னார்கள். மிரட்டக் கூடாது, நாலு பேர் எதிரில் மானத்தை வாங்கக் கூடாது.

ஆக, நடுரோட்டில் மறித்தால் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு கேட்கவேண்டியது: ‘‘ஐ.டி. கார்டு காட்டுங்க, லெட்டர் காட்டுங்க.’’ காட்டினால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காட்டாமல் கையை முறுக்கினால் 100-க்குப் போன் போடுங்கள். ஸ்டேஷனில், ‘‘இது சிவில் மேட்டர்ப்பா, கோர்ட்டுக்குப் போ’’ என்பார்கள். டியூ பாக்கி சிவில்தான். அடித்ததும் மிரட்டியதும் எந்த ஊரில் சிவில்? அதை மட்டும் தனியாக எழுதிப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதற்காக வீரம் காட்டி வண்டியை ஊருக்கு ஓட்டிப்போய் ஒளிப்பது, விற்பது... வேண்டவே வேண்டாம். அப்புறம் கிரிமினல் கேஸ் நம் மேல் திரும்பும். செக்கோ, பேங்க் கணக்கில் தவணை பிடிக்கும் உத்தரவோ பணமில்லாமல் திரும்பினாலும் தனி வழக்கு உண்டு.

அண்ணன் கதைக்கு வருவோம். அக்ரிமெண்ட்டில் 31-ம் பக்கத்தில் கிடைத்தது: ‘ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகு...’ நோட்டீஸ் வந்ததா? வந்தது. எப்போது? வண்டி போன மூன்றாம் நாள்! கவரில் இருந்த தபால் முத்திரையைப் பார்த்தேன். டீக்கடைச் சம்பவத்துக்கு மறுநாள் தேதி. கவரைக் கிழித்துக் குப்பையில் போடாமல் வைத்திருந்த அண்ணிக்குத்தான் புண்ணியம்.

கிளை அலுவலகத்துக்குப் போனோம். மேனேஜர் வயசுப் பையன், மரியாதையாகத்தான் பேசினார்.

‘‘சார், மூணு டியூ நின்னா நாங்க என்ன பண்றது? எங்களுக்கும் மேல கேக்குறாங்க.’’

அவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. அவர் ஊரார் பணத்தைக் கடனாகக் கொடுத்தவர். டியூ கட்டாமல் கம்பி நீட்டுகிற ஆசாமிகளும் ஏராளம்.

‘‘டியூ கட்டறோம் சார். ஸ்டேட்மெண்ட் கொடுங்க’’ என்றேன். கொடுத்தார். மூன்று டியூ 43,050. பவுன்ஸ் சார்ஜ் 1,770. அபராதம் 4,080. சீஸிங் சார்ஜ் 15,000. யார்டு வாடகை, நாள் 500 வீதம் 15 நாளுக்கு 7,500. மொத்தம் 71,400 ரூபாய். அதாவது நம் வண்டியை நம்மிடமிருந்து பிடுங்கியதற்குக் கூலி, பிடுங்கி வைத்த இடத்துக்கு வாடகை. கல்யாணச் சத்திரம்கூட இவ்வளவு கறாராகக் கணக்குப் போடாது!

அபராதத்தில் ஒரு விஷயம் கவனியுங்கள். 2024 ஏப்ரல் முதல், தவணை தவறியதற்கு அபராதக் கட்டணம் போடலாமே தவிர, அபராத ‘வட்டி’ என்று வட்டியோடு சேர்க்கக் கூடாது. அதன் மேல் வட்டி போட்டுக் குட்டி போட வைக்கவும் கூடாது. அண்ணன் கணக்கில் அது சரியாகத்தான் இருந்தது.

கவரை மேஜைமேல் வைத்தேன். முத்திரையைக் காட்டினேன். மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘‘ஒரு நிமிஷம்’’ என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு நிமிஷம் முக்கால் மணி நேரமாயிற்று. வெளியே வந்ததும் யார்டு வாடகை காணாமல் போயிருந்தது. சீஸிங் சார்ஜ் 8,000 ஆகியிருந்தது. மொத்தம் 56,900. அண்ணியின் வளையல் இரண்டு நகைக் கடன் கவுன்ட்டருக்குப் போயின.

யார்டில் வண்டியை எடுக்கும்போது ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். வண்டியைத் தூக்கியவர்கள் எழுதியது: ஸ்டெப்னி 1, ஜாக்கி 1, பிள்ளையார் பொம்மை 1. பிள்ளையார் இருந்தார், 2,300 ரூபாய் இல்லை. அடகில் இருப்பது கார் மட்டும்தான். உள்ளே இருக்கும் உங்கள் பணமும் பொருளும் கடனில் சேர்த்தியில்லை. சாவியைக் கொடுக்க நேர்ந்தால் லிஸ்ட்டை அங்கேயே, உங்கள் எதிரிலேயே எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டர் ரீடிங், டயர் நிலைமை எல்லாம் உட்பட. ஃபாஸ்டாகையும் நிறுத்திவிடுங்கள். வண்டி யார்டுக்குப் போகிற வழியில் டோல் பணம் உங்கள் கணக்கில் போவது ரொம்ப எரிச்சல்.

பணம் புரட்ட முடியாதவர்கள் கதி? ஏலத்துக்கு முன்னால் நோட்டீஸ் வந்தாக வேண்டும். என்ன விலைக்குப் போனது என்று கணக்குக் கேளுங்கள். கடனைவிட அதிகமாகப் போயிருந்தால் மீதி உங்களுடையது. குறைவாகப் போனால் பாக்கியை நீங்கள்தான் தரவேண்டும். வண்டியும் போய், கடனும் மிஞ்சுவது இப்படித்தான். ஆர்.சி.யைக் கம்பெனி தன் பெயருக்கு மாற்ற ஆர்.டி.ஓ.விடம் 36-ம் நம்பர் படிவம் கொடுக்கும். அப்போதும் ஆர்.டி.ஓ. உங்களுக்குத் தபாலில் தகவல் அனுப்பி, உங்கள் பக்கத்தைக் கேட்கவேண்டும். சில இடங்களில் கடன் கொடுக்கும்போதே மாற்றுப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் வெற்றாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதைப் போட்டுவிட்டால் ஆர்.டி.ஓ.வின் பார்வையில் நீங்களே மனம் விரும்பி விற்றவர்!

புகார் செய்ய விரும்பினால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மன். செலவு கிடையாது, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448. நஷ்ட ஈடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அந்த 8,000-க்காகவும் 2,300-க்காகவும் அண்ணன் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். நான்தான் எழுதிக் கொடுத்தேன், தமிழில். இன்று 19-வது நாள்.

அவருக்கு இன்னும் 14 டியூ இருக்கிறது. கடைசி டியூ முடிந்ததும் என்.ஓ.சி. வாங்கி, 35-ம் நம்பர் படிவத்தோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை எடுக்கவேண்டும். கடன் முழுதாக அடைந்த 30 நாளில் பத்திரங்களைத் தந்து, பதிவான அடமானத்தையும் நீக்கவேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் விதி. தாமதம் அவர்களுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தரவேண்டும். இதைச் சொன்னதும் அண்ணன் காலண்டரை எடுத்து இப்போதே தேதி குறித்துவிட்டார்.