பக்கத்து பெஞ்ச் 500 கிலோமீட்டர் தள்ளி!

உஷ்... சத்தம் போடாமல் வாருங்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளாஸ் நடக்கிறது!

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே, செம்மண் வறண்ட பூமியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர். அங்கேதான் இந்த 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்'. டீச்சர் இருக்கிறார், கேமரா இருக்கிறது, அவர் காதில் ஹெட்போனும் இருக்கிறது. பிள்ளைகளை மட்டும் காணோம்! அவர்கள் மாட்டுப் பண்ணைகளிலும், நெடுஞ்சாலையோரத்து பெட்ரோல் பங்க்குகளிலும், பழங்குடிக் குடியிருப்புகளிலும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து கை தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளியின் எல்லை சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர். பத்துத் தமிழ்நாட்டை உள்ளே வைக்கலாம். அத்தனை பெரிய பரப்புக்கும் மாணவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். சிலருடைய வீடு பள்ளியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

"மிஸ், நீங்க மியூட்ல இருக்கீங்க!" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் 2020-ல் கத்தினார்களே, அந்தக் கூத்துக்கு எழுபது வருடம் மூத்தது இந்தப் பள்ளி. 1951 ஜூன் 8-ம் தேதி முதல் பாடம் வானொலியில் போனது. அதற்கான கம்பியில்லாக் கருவியைத் தயாராக வைத்திருந்தது யார் தெரியுமா? டாக்டர்கள்! காட்டிலும் மேட்டிலும் கிடக்கும் நோயாளிகளை விமானத்தில் போய்ப் பார்க்கும் 'பறக்கும் டாக்டர் சேவை'யை 1928-ல் தொடங்கியவர் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார். மறு வருடமே ஆல்ஃபிரட் ட்ரேகர் என்பவர், காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் பெடல் ரேடியோவைப் பண்ணைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் ஃப்ளின்னின் முகத்தைப் பார்க்கலாம். பாவம், பள்ளி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது அவர் இறந்துவிட்டார்.

டாக்டரைக் கூப்பிடும் ரேடியோவில் பாடம் நடத்தினால் என்ன என்று கேட்டவர் அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளர். எனக்கு இந்த அம்மையாரை ரொம்பப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்தபோது அவர் கண்ணில் முதலில் பட்டது அவர்களுடைய கூச்சம். புது மனிதர் வந்தால் பேச்சே வராத குழந்தைகள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், மாடுகள்... அதற்கு மேல் யாரையும் பார்த்திராதவர்கள். பாடப் புத்தகம் தபாலில் வந்துவிடும், சேக்காளி வரமாட்டானே!

ஆரம்பத்தில் டீச்சர் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள், அவ்வளவுதான். சீக்கிரமே கடைசியில் கேள்வி-பதிலுக்கும் நேரம் ஒதுக்கினார்கள். அதன் பிறகுதான் களை கட்டியது! ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் மற்றவர்கள் கப்சிப்பென்று இருக்க வேண்டும். இரைச்சலுக்கு நடுவே ஒரு பிள்ளையை டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அடுத்த பண்ணைக்காரப் பிள்ளையும் கேட்கும். பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. பண்ணைவீட்டுப் பெண்கள் ஊர்க்கதை பேச ரேடியோவில் தனி நேரமே வைத்திருந்தார்கள். கூட்டமாகக் கத்தும் இளஞ்சிவப்புக் கிளியான 'கலா'வின் பெயரைத்தான் அந்த அரட்டைக்குச் சூட்டியிருந்தார்கள். 1983-ல் இளவரசர் சார்லஸும் டயானாவும் இந்தப் பள்ளிக்கு வந்து மைக் முன் உட்கார்ந்தபோது, பிள்ளைகள் விசாரித்தது அரண்மனையைப் பற்றியா? ஒன்பது மாதக் கைக்குழந்தை வில்லியத்தைப் பற்றி!

இப்போது ரேடியோ போய், செயற்கைக்கோள் வழியாக இணையம் வந்துவிட்டது. முகம் பார்த்தே பேசலாம். ஆனால் சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்க வேண்டும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சின்னதாக ஓர் இடைவெளி விழும். அதைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவர்தான் இங்கே நல்ல டீச்சர்.

இனி, திரைக்குப் பின்னால் இருக்கும் சரக்கைச் சொல்லிவிடுகிறேன். திரையில் பாடம் நடப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போலத்தான்! மிச்ச நேரம் பிள்ளையோடு உட்காருபவர் 'ஹோம் டியூட்டர்'. பெரும்பாலும் அம்மா, சில பண்ணைகளில் அதற்கென்றே சம்பளத்துக்கு வந்து தங்கியிருக்கும் இளம்பெண். பள்ளி பிள்ளையைக் கவனிப்பது போலவே இவரையும் கவனிக்கிறது. நம் ஊரில் ஆன்லைன் வகுப்பு நடந்த நாட்களில் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவை எந்தப் பள்ளி ஒரு வார்த்தை கேட்டது?

அடுத்தது இன்னும் பிரமாதம். டீச்சரே வண்டியை எடுத்துக்கொண்டு மண் சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி மாணவன் வீட்டுக்குப் போய் இறங்குகிறார்! திரையில் மட்டும் பார்த்த மிஸ் வாசலில் வந்து நின்றால், அதுவும் ராத்திரி அங்கேயே தங்கிச் சாப்பிட்டால், அந்தப் பிள்ளையின் கதி என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள். வருடத்தில் சில வாரங்கள் பிள்ளைகளும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வந்து சேருகிறார்கள். குரலாகவும் சதுரக் கட்டமாகவும் மட்டுமே தெரிந்த வகுப்புத் தோழனோடு ஒரு வாரம் ஓடலாம், இடிபடலாம், சண்டை போடலாம். மறுபடி திரைக்குத் திரும்பும்போது அந்தக் கட்டத்துக்குள் இருப்பவன் தெரிந்த பையன்.

இதெல்லாம் நூறு பிள்ளைகளுக்குச் சரி, ஆயிரம் பேருக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். மண் சாலைப் பயணம் ஆகாதுதான். ஆனால் பாடத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் கதவைத் திறந்து வைத்து, "உங்க ஊர்ல மழையா?" என்று பேர் சொல்லிக் கேட்க எந்தச் செயற்கைக்கோளும் வேண்டாம். ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களே, நாளைக்கே செய்து பாருங்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: வெளியாட்கள் வந்து பார்ப்பதற்கென்றே பள்ளியில் தனி மையம் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசி வரை அங்கே கோடை விடுமுறை. பள்ளி நாளாகப் பார்த்துப் போங்கள்.